மருந்துக் கடை அண்ணன்மாருக்கு, ஒரு டியூபைப் பற்றி

குமரி மாவட்டத்தில் மெடிக்கல் ஸ்டோர் நடத்துகிற, அங்கே கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் தக்கலைப் பக்கம் 19 வருடமாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். த்ரெடிங், ஃபேசியல், முடிவெட்டு எல்லாம் செய்தாலும் கல்யாணப் பெண் அலங்காரம்தான் எனக்குச் சோறு போடுகிறது. முகூர்த்த நாளானால் விடியற்காலை 3 மணிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கருங்கலுக்கோ குலசேகரத்துக்கோ கிளம்பிவிடுவேன். டாக்டரின் கிறுக்கல் சீட்டைப் பார்த்ததும் உங்களுக்கு மருந்து தெரிந்துவிடுவது போல, ஒரு முகத்தைத் தொட்டதும் அது என்னவெல்லாம் பட்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். முகம் வெளுக்க என்று சீட்டு இல்லாமல் விற்கிற ஸ்டீராய்டு டியூபைப் பற்றி அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண், அதற்கு இரண்டு வாரம் முன்னால் டிரையல் மேக்கப்புக்கு அம்மாவோடு வந்தாள். அன்றைக்கு வெயிலே இல்லை, தூறல். ஆனாலும் துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். என் பார்லரில் நாற்காலிக்கு நேர் எதிரே பெரிய கண்ணாடி. உட்காரும் முன்பே, “நாற்காலியக் கொஞ்சம் திருப்பிப் போடலாமாக்கா?” என்று கேட்டாள். திருப்பிப் போட்டேன்.

துப்பட்டாவை அவிழ்த்தாள். நெற்றியும் கழுத்தும் நல்ல மாநிறம். கன்னங்கள் மட்டும் வெளுப்பும் இல்லாத சிவப்பும் இல்லாத ஏதோ ஒரு நிறம். கிட்டே குனிந்து பார்த்தேன். உள்ளித்தோல் மாதிரி மெலிந்த தோல், அதற்கடியில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு. மேலுதட்டிலும் தாடை ஓரத்திலும் பூனைமுடி கறுத்து வளர்ந்திருந்தது. வாயைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் குரு. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் வைத்தேன். தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். வெறும் தண்ணீர், வேறொன்றும் இல்லை.

“என்ன மக்களே தேய்ச்ச?”

பையிலிருந்து ஒரு டியூபை எடுத்துக் காட்டினாள். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டு வரைக்கும் பிதுக்கிய டியூப். மொமெட்டாசோன் என்கிற ஸ்டீராய்டு, நிறம் குறைக்கிற ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கிற ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்தது. 11 மாதமாகத் தினமும் ராத்திரி போட்டிருக்கிறாள். அது எத்தனையாவது டியூப் என்று அவளுக்கே நினைவில்லை. “நிறுத்திப் பாத்தேன்க்கா. மூணு நாள் தாண்டல. மொகம் முழுக்கத் தீ வச்ச மாதிரி எரிஞ்சுது. திரும்பப் போட்டதும் அடங்கிருச்சு.”

டிரையலுக்கு வருகிற பெண்கள் போனில் ஒரு படம் காட்டுவார்கள். ஒரு நடிகையாக இருக்கும், இப்போதெல்லாம் பெரும்பாலும் கொரியத் தொடரில் வருகிற பெண்ணாக இருக்கும். இவளும் போனை நீட்டினாள். படத்தில் இருந்தது அவளேதான். இரண்டு வருடம் முன்னால் கல்லூரி ஆண்டு விழாவில் எடுத்தது. கறுப்பு என்றே சொல்லலாம், நிறைந்த கன்னம், ஒரு பரு கிடையாது, தலை நிறையப் பிச்சிப்பூ.

“இத மாதிரி ஆக்கித் தருவியளாக்கா?”

அவள் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் டியூபை வாங்கிக் கொடுத்தது அவர்தான். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், “பிள்ளைக்கு நிறம் கொஞ்சம் மட்டு” என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாளே இவர் மெடிக்கலில் போய், “மொகம் வெளுக்கதுக்கு நல்லதா ஒண்ணு தாங்க” என்று கேட்டிருக்கிறார். எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். சீட்டு கேட்கவில்லை, யாருக்கு என்று கேட்கவில்லை, எத்தனை நாள் போட வேண்டும் என்று சொல்லவும் இல்லை. எந்தக் கடை என்று நான் விசாரிக்கவில்லை. ஒரு கடையைப் பிடித்துத் திட்டுவதற்காக இதை எழுதவும் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு இதே மாதிரி இன்னும் ஐந்து முகங்களைப் பார்த்துவிட்டேன். ஐந்தும் வேறு வேறு ஊர்.

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நான் தொழில் படித்த காலத்தில், ஃபேசியல் கிரீமோடு படை மருந்து டியூப் ஒன்றையும் பிதுக்கிக் கலக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகும், வந்த ஆள் திரும்பி வரும் என்றார்கள். முதல் நாலைந்து வருடம் நானும் கலந்தேன். அதில் இருப்பது பீட்டாமெதாசோன் என்றும், அது ஸ்டீராய்டு என்றும் எனக்குத் தெரியாது. ஒரு தோல் டாக்டரம்மா என் வாடிக்கையாளர் ஒருவரைப் பார்த்துவிட்டு எனக்கே போன் செய்து சொன்ன அன்றைக்கு நிறுத்தினேன். அதற்குள் என் கையால் எத்தனை பேர் முகத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அந்த டியூபையும் நான் வாங்கியது மருந்துக் கடையில்தான். மாதம் பத்துப் பன்னிரண்டு வாங்குவேன். இவ்வளவு எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த மருந்து என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்க வருகிற பெண்ணுக்கு அது தெரியாது. ஸ்டீராய்டு பூசினால் தோலுக்கு அடியில் இருக்கிற பொடி ரத்தக் குழாய்கள் சுருங்கும். சிவப்பு, அரிப்பு, பரு எல்லாம் அடங்கும், நிறமும் ஒரு படி இறங்கும். ஒரே வாரத்தில் பலன் தெரிவதால் கைகண்ட மருந்து என்று நினைத்துவிடுகிறார்கள். கரப்பானுக்கோ கடும் ஒவ்வாமைக்கோ டாக்டர் நாள் கணக்கு வைத்துக் கொடுக்கிற அந்த மருந்தை, மாதக் கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிகிறது, நரம்பு தெரிகிறது, முடி வளர்கிறது, வெயில் பட்டால் எரிகிறது. நிறுத்தினாலோ இத்தனை நாள் அடங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றாகப் பொங்கி வரும். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த டியூபுக்கு உங்கள் கடைக்கு ஓடி வருவாள். அவளாக நிறுத்தவும் முடியாது. டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், மாதங்கள் பிடிக்கும். ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தோல் டாக்டர்கள் இதற்கென்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்.

2011-ல் இந்தியாவில் 12 இடங்களில் தோல் டாக்டர்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு வெளிவந்தது. முகத்தில் தோல் பிரச்சினை என்று வந்த 2926 பேரைப் பார்த்ததில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 257 பேருக்கு அதை எழுதிக் கொடுத்தது டாக்டர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர், பார்லர், மருந்துக் கடை என்று யார் யாரோ சொன்னது. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம், தோலில் பூசுகிற ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகும் நம் மாவட்டத்தில் எந்தப் பெண்ணாவது சீட்டு இல்லை என்பதால் திரும்பிப் போனாளா? என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருத்திகூடக் கிடையாது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மேக்கப் பைத்தியம், அதனால் வந்த வினை என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கண்ணுக்கு மையிட்டுக்கொள்வதும், உதட்டுக்கு விரும்பிய நிறம் பூசிக்கொள்வதும், கல்யாணத்தன்று ராணி மாதிரி நிற்க ஆசைப்படுவதும் நல்ல ஆசைகள். அந்த ஆசைகளால்தான் நான் பிழைக்கிறேன். தோலின் நிறத்தையே மாற்றினால்தான் நீ பெண் என்று ஒருத்தியிடம் சொல்வது வேறு. அது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. ஒரு வெளுப்பு நூறு குறையை மறைக்கும் என்று சீனாவில் பழமொழியே இருக்கிறதாம். ஜப்பானில் வெண்மையான அழகு என்ற பொருளில் ‘பிஹாகு’ என்று ஒரு சொல்லை வைத்தே கிரீம் விற்றார்கள். அங்கே 2013-ல், நிறம் குறைக்க கானெபோ நிறுவனம் செய்த 54 பொருட்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பூசிய பெண்களுக்கு முகத்திலும் கழுத்திலும் வெண்படை திட்டுத் திட்டாக விழுந்துவிட்டது. பெரிய கம்பெனி, சோதித்துப் பார்த்த மருந்து, அதிலேயே இப்படி. பிலிப்பைன்ஸில் பப்பாளி சோப்பில் தொடங்கி குளுட்டாதயோன் ஊசி வரைக்கும் போய்விட்டார்கள். அந்த ஊசி வேண்டாம் என்று அந்த நாட்டு அரசே எச்சரித்திருக்கிறது. சீனா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தென் கொரியா போன்ற இடங்களில் கேட்டுப் பார்த்ததில் நூற்றுக்கு 40 பெண்கள் வரை நிறம் குறைக்கிற பொருள் எதையாவது பூசுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே 1975-ல் வந்து, டிவியிலும் பத்திரிகையிலும் நாம் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல் பெயரை மட்டும் குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. எங்கள் தெருவில் இன்னும் பழைய பெயரில்தான் கேட்கிறார்கள்.

இப்போது புதிதாக வந்திருப்பது கிளாஸ் ஸ்கின். கண்ணாடி மாதிரி மினுங்குகிற தோல். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகூட வந்து, “ஆன்ட்டி, கிளாஸ் ஸ்கின் வர என்ன செய்யணும்?” என்று கேட்கிறாள். கொரியாவில் அதற்குப் பொருள் ஈரப்பதம் குறையாத தோல். முகத்தைப் பதமாகக் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு, தவறாமல் சன்ஸ்கிரீன் பூசுவதுதான் அதன் அடிப்படை. அது மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்ட் வந்து சேர்வதற்குள் வெளுப்பு என்று ஆகிவிடுகிறது. இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ஸ்டீராய்டால் மெலிந்த தோல் ஆரம்பத்தில் கொஞ்சம் மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பார்த்து, கிளாஸ் ஸ்கின் வந்துவிட்டது என்று பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள். தோழிகளுக்கு டியூபின் பெயரைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அந்தப் படத்தைக் காட்டித்தான் உங்களிடம் வாங்குகிறார்கள்.

ஃபேன்சி கடைகளிலும் ஆன்லைனிலும் வருகிற டப்பா கிரீம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கே செய்தது, என்ன சேர்த்தது என்று எதுவும் எழுதியிருக்காது. கல்ஃபிலிருந்து வருகிறவர்களின் பெட்டியிலும் இருக்கும். இவற்றில் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. நம் நாட்டு விதிப்படி முகத்தில் பூசுகிற பொருளில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக டாக்டர்கள் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசிகிற ஒருவகை நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு வழக்கமாக அரிதாகவே பார்க்கிற ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றிருக்கிறது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது. நான் என்னிடம் வருகிறவர்களுக்கு ஓர் எளிய அடையாளம் சொல்கிறேன். தங்கம், வெள்ளி, ரப்பர் இதிலெல்லாம் படக் கூடாது என்று எழுதியிருக்கிற கிரீம் என்றால் கிட்டேயே போகாதீர்கள். பாதரசம் இருக்கிற கிரீம்களில் அப்படி எழுதியிருப்பது உண்டு. கழுத்துச் சங்கிலிக்கு ஆகாதது கன்னத்துக்கு எப்படி ஆகும்?

என் மகள் நாகர்கோவிலில் தமிழ் இலக்கியம் படிக்கிறாள். இந்தக் கதையை அவளிடம் சொன்னபோது ஒன்று சொன்னாள். சங்கப் பாட்டுகளில் பெண்ணின் அழகுக்குப் பெயர் மாமையாம், மாந்தளிர் போன்ற கருமை கலந்த நிறம். பிரிவு வந்து, மனசு வாடி, அந்த நிறம் போய் வெளிறினால் அதற்குப் பெயர் பசலையாம். அதாவது வெளுப்பு அன்றைக்கு நோயின் அடையாளம். நான் அவ்வளவு படித்தவள் இல்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் அய்யாவழிக்காரர்கள் கும்பிடப் போகிற நிழல்தாங்கல்களில் உள்ளே கண்ணாடி வைத்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு எதிரே நின்று தன்னைத் தானே பார்த்துக் கும்பிடுவார்கள். அந்த மண்ணில் பிறந்த பிள்ளை என்னிடம் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

சரி, உங்கள் பக்கத்தையும் எனக்குத் தெரியும். நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வாள் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் ஒருவருக்குச் சொல்லாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை இதைப் பேசி, திங்கள்சந்தையில் கிடைக்காதது குளச்சலிலும் கிடைக்காது என்று ஆக்கிவிட்டால் அடுத்த கடை என்ற பேச்சே இருக்காது. ஆன்லைனில் வாங்குவாளே என்றால், வாங்குவாள்தான். ஆனால் நான் பார்த்த ஆறு பேருக்கும் முதல் டியூப் மருந்துக் கடையிலிருந்துதான் வந்தது. மெடிக்கல்காரர் கொடுத்தால் நல்ல மருந்தாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கையில் வாங்கியது. பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் என்றால் ஷட்டரைத் தட்டி உங்களைத்தானே எழுப்புகிறோம். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறதை உங்களிடம் கேட்கிறோம். அந்த நம்பிக்கை இருக்கிறவரை நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள்.

அந்த வார்த்தை பெரிதாக ஒன்றும் இல்லை. கையில் காலி டியூபையோ போனில் படத்தையோ வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தால், இல்லை, அவள் அம்மாவோ தம்பியோ வந்தால், “யாருக்கு? முகத்துக்கா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் சீட்டு கேளுங்கள். சீட்டு இல்லை என்றால், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது, போய்ப் பார் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே மாதக் கணக்கில் போட்டிருந்தால், திடீரென்று தானாக நிறுத்தாதே, டியூபையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டு என்று சொல்லுங்கள். என்னைப் போல பார்லர்காரி யாராவது வந்து பத்து டியூப் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வியாபாரம் போகும் என்று கவலைப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அந்த இடத்தில் ஒரு நல்ல சன்ஸ்கிரீனும் சாதாரண மாய்ஸ்சரைசரும் எடுத்துக் கொடுங்கள். கடற்கரையிலும் ரப்பர் தோட்டத்திலும் வெயில் படாமல் நம்மால் இருக்க முடியாது. அதுதான் அவளுக்கு உண்மையில் வேண்டியது.

அந்தக் கல்யாணம் நடந்தது. ஃபவுண்டேஷன் அந்தத் தோலில் நிற்காது, போட்டால் எரியும் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் செய்து சொன்னேன். கண்ணுக்கு மட்டும் மை, உதட்டுக்குக் கொஞ்சம் நிறம், தோவாளைப் பூ. போட்டோக்காரர் முணுமுணுத்தார். மாப்பிள்ளைப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் சேர்ந்துதான் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறான். இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. எரிச்சல் நின்றுவிட்டது, நரம்பு இன்னும் தெரிகிறது. போன வாரம் த்ரெடிங்குக்கு வந்தாள். நாற்காலியைத் திருப்பச் சொல்லவில்லை, ஆனால் கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தாள்.

நான் சின்னதாக ஒரு நோட்டீஸ் அடித்து வைத்திருக்கிறேன். முகம் வெளுக்க டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து கேட்காதீர்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் போட்டிருக்கிறது. 200 இருக்கிறது. தக்கலையிலிருந்து தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் உங்களுக்குக் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து ஒவ்வொரு கடையாக வருகிறேன். கவுண்டர் கண்ணாடியில் ஒட்ட ஒரு கை அகலத்துக்கு இடம் கொடுங்கள். பசையும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் 19 வருடமாகப் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்குகிற,
தக்கலைப் பக்கத்து பார்லர் அக்கா